மேசன் திறப்பு

புதுவீட்டில் பால் பொங்கி வழிந்ததும் ஐயர் மேசனைக் கூப்பிடுவார். மேசன் என்றால் நான்தான். ஹம்பேர்க்கைச் சுற்றி எங்கள் ஆட்கள் கட்டும் வீடுகளில் பாதிக்குமேல் நான் கட்டியவை. அதனால் சனி ஞாயிறுகளில் எங்காவது ஒரு புதுவீட்டின் மூலையில் வேட்டியோடு நின்றுகொண்டிருப்பேன். ஐயர் கூப்பிட்டதும் வீட்டுக்காரர் தட்டத்தை நீட்டுவார். அதில் வெற்றிலை, பாக்கு, தேசிக்காய், ஒரு புது வேட்டி, அதன்மேல் மஞ்சள் பூசிய ஒரு திறப்பு. சாவியைத் திறப்பு என்று சொல்லும் ஊர்க்காரர் நாங்கள். இந்தத் திறப்புக்கு எங்கள் சனம் வைத்திருக்கும் பெயர் மேசன் திறப்பு.

வேட்டி கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம்தான். வீடு கட்டியவனை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். திறப்புக் கொடுப்பது எந்த ஊர் வழக்கமும் இல்லை. அது எப்படித் தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் தனியாகத் தொழில் தொடங்கிக் கட்டிய முதல் வீடு ஒரு பஸ் சாரதியுடையது. பால் காய்ச்சிக் குடிபுகும் குடிபூரலுக்கு மறுநாளே அவர் தம்பியின் கலியாணத்துக்காக ஊருக்குப் பறக்க இருந்தார். வெப்பமூட்டியின் வேலை இன்னும் முடியவில்லை. நான் உள்ளே போய்வர வேண்டும். திறப்பை என்னிடம் தர வந்தவர், கையில் தட்டம் இருந்ததால் அதன்மேல் வைத்து நீட்டினார். "ஒண்டு உங்களிட்ட இருக்கட்டும் அண்ணை" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் வீடியோக்காரர் அதைப் படம்பிடித்துவிட்டார். அடுத்த வீடு கட்டியவர்கள் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். எங்கள் சனத்திடம் ஒன்றை இரண்டு வீட்டில் செய்தால் போதும், மூன்றாம் வீட்டில் அது சாத்திரமாகிவிடும். இப்போது ஐயரே அதற்கு நேரம் பார்த்துச் சொல்கிறார். போன வருடம் ஒரு ஐயர், மேசன் திறப்பைத் தெற்கே பார்த்து வாங்கக்கூடாது என்று என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். வாங்கித்தான் வந்தேன்.

தொழில் நன்றாக ஓடியது. அதில் பொய்யான பணிவு காட்ட எனக்கு விருப்பமில்லை. அகதியாக வந்து, மாபிள் ஒட்டுபவர்களுக்குச் சீமெந்து குழைத்து, பிறகு மேசன் தொழிலை முறையாகப் படித்து தனியாகக் கொம்பனி நடத்தத் தேவையான மைஸ்டர் சோதனையும் பாஸ் பண்ணியவன் நான். ஆனால் என்னை உயர்த்தியது அந்தப் படிப்பு அல்ல, பின் குசினி. ஜெர்மன்காரரின் புதுவீடுகளில் சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாய்த் திறந்து கிடக்கும். எங்கள் ஆட்களுக்கு அதைப் படத்தில் பார்த்தால் ஆசை வரும். ஒருநாள் மீன் பொரித்தால் சோபா ஒரு மாதத்துக்கு மணக்கும். நான் முன்னால் அந்த அழகுக் குசினியை வைத்து, அதன் சுவருக்குப் பின்னால் கதவும் யன்னலும் பலமான காற்றாடியும் வைத்த இன்னொரு சின்னக் குசினியைக் கட்டினேன். முன் குசினி படம் எடுக்க, பின் குசினி சமைக்க. அதற்குப் பிறகு நான் விளம்பரம் செய்யவேயில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, தங்கள் வீடு மற்றவர்களுடையதைப்போல் இருக்கக்கூடாது என்பது. பிறகு கைப்பையிலிருந்து மைத்துனர் வீட்டு வரைபடத்தை எடுத்துப் பிரித்து, எல்லாம் இதேபோல், வரவேற்பறை மட்டும் அரை மீற்றர் கூட என்பார்கள். நான் தலையாட்டுவேன். ஆளாளுக்கு விருப்பப்படி வீடு கட்டும் தொழில் என்றால் ஆளாளுக்குத் தலையாட்டும் தொழில்தான். ஹோமத்துக்கு முன் கூரையிலுள்ள புகை அலாரங்களைக் கழற்றித் துவாயில் சுற்றிக் காரில் வைப்பதும், ஐயர் போனபின் திரும்பப் பூட்டுவதும்கூட என் பொறுப்பு. வேறு எந்த ஜெர்மன் கொம்பனி அதைச் செய்யும்?

மற்றக் கட்டடக்காரர்கள் ஐந்து வருட உத்தரவாதத்தைக் கடதாசியில் கொடுப்பார்கள். நான் ஒரு கொழுக்கி கொடுத்தேன். என் அலுவலகச் சுவரில் சாம்பல் நிற இரும்பு அலுமாரி ஒன்று இருக்கிறது. உள்ளே வரிசை வரிசையாகக் கொழுக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுத் திறப்பு. கள்ளர் கையில் அகப்பட்டாலும் பயன்படாதபடி பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் போட்டிருக்கிறேன். எந்த இலக்கம் எந்த வீடு என்பது என் தலைக்குள் இருக்கிறது. புதிதாக வீடு கட்ட வருகிறவர்கள் அந்த அலுமாரியைப் பார்த்தவுடனேயே மனதில் முடிவெடுத்துவிடுவார்கள். தொடக்கத்தில் அதைத் திறந்து காட்டுவதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதன் கதவு கிறீச்சிட்டாலே, அடுத்து யார் கூப்பிடப்போகிறார்கள் என்று தொலைபேசியைப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் எங்கள் சனம் கூட்டமாக ஊருக்குப் பறக்கும். விமான நிலையத்திலிருந்தே எனக்கு அழைப்பு வரும். அடுப்பை நிற்பாட்டினோமா என்று ஒருக்கால் பார்க்கவேணும். சாமி விளக்கை நூர்த்தோமா தெரியவில்லை. தபால்பெட்டி நிரம்பினால் கள்ளர் கவனிப்பார்கள். நெடுநாள் ஓடாமல் நிற்கும் குழாய்த் தண்ணீரில் கிருமி பிடிக்கும் என்று ஒரு குடிபூரலில் நான் வாய் தவறிச் சொன்னேன். அன்றிலிருந்து கோடை முழுவதும் வீடுவீடாகப் போய்க் குழாய்களைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன். ஆளில்லாத வீடு. சாமியறையில் காய்ந்த பூ. நான் ஒட்டுவித்த மாபிளைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் ஓடி முடியும்வரை குளியலறையில் நிற்பேன். பக்கத்து வளவில் புல் வெட்டும் கிழவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். எனக்கு அந்த நேரங்களில், நான் கட்டிய எந்த வீட்டிலும் நான் குடியில்லை, எல்லா வீட்டிலும் மாட்டுப்பட்டிருக்கிறேன் என்று தோன்றும். யார்மீது என்று தெரியாத ஒரு கோபமும் வரும்.

அலுமாரி வந்ததற்குப் பிறகு ஒரு கோடையிலும் நானும் மனைவியும் ஒன்றாக விமானம் ஏறியதில்லை. அவள் மகளோடு போய்வருவாள். நான் காவலுக்கு நிற்பேன். ஊரில் யாராவது என்னைப்பற்றி விசாரித்தால், எங்கள் வீட்டு வைரவர் மற்ற வீடுகளுக்குக் காவல் போயிருக்கிறார் என்பாளாம். திரும்பி வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் எனக்குச் சொல்வாள். சில வருடங்களாக அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

மகள் தெற்கே ஐந்து மணி நேர ரயில் தூரத்தில், கார்ல்ஸ்ரூஹேயில் வேலை செய்கிறாள். இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போன மனைவி, மகளின் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டையும் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு அறை, ஒரே ஒரு குசினி. அதைச் சொல்லும்போது அவளுடைய குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து, கொம்பனியை விற்றுவிடலாமா என்று கேட்டாள்.

"வித்துப்போட்டு வாங்கோ" என்றாள். "உங்களோட ஒரு வீட்டில இருந்து பாக்கவேணும் எனக்கு. கலியாணம் கட்டின நாளில இருந்து நான் இன்னும் இருந்து பாக்கேல்லை."

நான் ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

வாங்க ஆள் கிடைப்பதும் கடினமாக இருக்கவில்லை. பெரிய ஜெர்மன் கட்டடக் கொம்பனி ஒன்று எங்கள் வருமானத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்தது. அவர்களுடைய வக்கீல் இளம்பெண், மிகவும் மரியாதையானவர். அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தவர் இரும்பு அலுமாரிக்கு முன்னால் நின்று, இது என்ன என்று கேட்டார். நான் பழைய பழக்கத்தில் பெருமையாகத் திறந்து காட்டினேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு வீடுகளின் திறப்புகளை ஒரு சுவரில் வைத்திருப்பதை எந்தக் காப்புறுதிக்காரரும் ஏற்கமாட்டார் என்றார். ஒவ்வொன்றையும் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிவர வேண்டும். அலுமாரி வெறுமையானால் விற்பனை, இல்லாவிட்டால் இல்லை. அவர்கள் விரும்பிய வருமானமே அந்தத் திறப்புகளால் வந்தது என்பதை நான் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்கியிருக்காது.

மனைவி உற்சாகமாக முதல் பெட்டியில் திறப்புகளை அடுக்கினாள். தானும் வருகிறேன் என்று காரில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான தூறல். முதல் வீட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை என்று பஸ் சாரதியிடம் போனோம்.

அந்த வீட்டில் என்னை எப்போதும் பின் குசினியில்தான் இருத்துவார்கள். வெளியாருக்கு முன் அறை, உரித்தாளுக்குப் பின் குசினி. அன்றும் வடைச்சட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டார்கள். நான் கடதாசியையும் திறப்பையும் மேசையில் வைத்து விசயத்தைச் சொன்னேன். சாரதியின் மனைவி அடுப்பைக் குறைத்தாள். முன் அறைக்குப் போய் இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன் என்றாள். விருந்தாளிகளுக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பைகளில் தேநீர் வந்தது. அந்தக் கோப்பையை நான் அந்த வீட்டில் அதற்கு முன் தொட்டதில்லை. எனக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"என்ன அண்ணை, எங்களோட ஏதும் கோவமோ?" என்று சாரதி கேட்டார்.

கோபமில்லை, கொம்பனியைத்தான் விற்கிறேன் என்றேன்.

"விக்கிறதெண்டா வில்லுங்கோ. அது உங்கட விருப்பம். உது கொம்பனிக்குத் தந்த திறப்பில்லை. உங்களுக்குத் தந்தது."

அவர் கடதாசியைத் தொடவேயில்லை. திறப்பை எடுத்து என் சட்டைப்பையில் தானே போட்டுவிட்டார்.

இரண்டாவது வீட்டுக்காரி வைத்தியசாலையில் தாதி. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், நல்ல காலம் வந்தீர்கள், நானே உங்களுக்குத் தொலைபேசி எடுக்க இருந்தேன் என்று உள்ளே ஓடினாள். பின் கதவின் பூட்டை மாற்றியிருக்கிறார்களாம், அதற்கும் ஒன்று உங்களிடம் இருக்கட்டும் என்று புதுத் திறப்பு ஒன்றைக் கையில் வைத்தாள். நான் வாயைத் திறக்குமுன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று காரில் ஏறிப் போய்விட்டாள். ஒன்றைக் கொடுக்கப்போய் இரண்டோடு திரும்பியவனைப் பார்த்து என் மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. காரை எடுத்த பிறகுதான் இருவரும் அடங்கினோம்.

அதற்குள் சங்கதி ஊரெல்லாம் பரவிவிட்டது. கைத்தொலைபேசிக் குழுவில் எனக்குப் புற்றுநோய் என்று ஒருவர் எழுத, இல்லை, கொம்பனி முறிந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நேர்த்தி வைக்கக் கோயில் பெயர்களும் வந்திருந்தன. அத்திவாரம் மட்டும் போட்டிருந்த வீட்டுக்காரர் இருவர் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தொலைபேசியை மனைவி வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பைக்குள்ளிருந்து அது அதிர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு முன்னாள் உணவகச் சமையற்காரர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் கனடாவில். போன பனிக்காலத்தில் குளியலறையில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தவரை, தொலைபேசி எடுக்கவில்லையே என்று போய்த் திறந்து தூக்கியவன் நான். எந்தக் கொழுக்கியில் அந்தத் திறப்பு இருந்தது என்று எனக்குத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. அவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மேசையில் கிடந்த திறப்பைப் பார்த்தார். பிறகு, வெப்பமூட்டிக்கு உதிரிப்பாகம் எங்கே வாங்கலாம் என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப இனி விழுந்தா ஆர் வாறது?"

நான் திறப்பை எடுத்துப் பைக்குள் போட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி அதைப் பார்த்தாள். வேறு என்னத்தைச் செய்யச் சொல்லுவாள்? அந்த மனிதர் எங்களுக்கு மோதகம் அவித்து வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நான்காவது வீடு இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு இளம் தம்பதியுடையது. இருவரும் வங்கியில் வேலை. கோடையில் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாத பிள்ளைகள் என்று அவர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு. நான் விசயத்தைச் சொல்லத் தொடங்கவும் பொடியன் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"பிரச்சினை இல்லை அங்கிள்" என்றான். "நாங்கள் குடிவந்த உடனேயே பூட்டை மாத்திட்டம். உங்களுக்குச் சொல்ல மறந்துபோனம்."

திறப்பை வாங்கி, பழைய பற்றரி போடும் பெட்டிக்குள் போட்டான். வேறொரு நாள் சாப்பிட வரச் சொன்னார்கள். நல்ல பிள்ளைகள்தான். முதன்முதலாக ஒரு கொழுக்கி விடுதலையாகிவிட்டது, ஒரு கையெழுத்துக் கிடைத்துவிட்டது. சந்தோசப்பட்டிருக்க வேண்டிய இடம். எனக்கோ காது சூடாகிவிட்டது. பயன்படாத ஒரு இரும்புத் துண்டைத்தான் நான் இவ்வளவு காலமும் தூசு தட்டி வைத்திருந்தேனா? அத்தனை பேருக்கு முன்னால் மஞ்சள் பூசித் தந்தார்களே, கேட்காமல் மாற்றுவதா? கார்க் கதவை இழுத்து அடித்தேன்.

மனைவி சீற் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறப்பை எடுக்கேல்லையெண்டு உங்களுக்குக் கவலையில்லை" என்றாள். "எடுத்துப்போட்டினமெண்டுதான் கோவம்."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று நான் சத்தமாகச் சொன்னேன். சத்தம் போட்டதிலேயே அது பொய் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அன்று அதற்குப் பிறகு வேறு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறுகளிலும் குடிபூரல் இருக்கிறது, மழை பெய்கிறது என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். பெட்டியில் அடுக்கியிருந்த திறப்புகளை ஒருநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொழுவினேன். இலக்கம் பார்க்காமலே கை அந்தந்த இடத்துக்குப் போனது. எல்லாம் கொழுவி முடிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

வக்கீல் பெண்ணை அழைத்து, இந்த வருடம் ஏலாது என்றேன். அவர் கவலை தெரிவித்தார். பிறகு அந்தக் கொம்பனியிலிருந்து தொடர்பு இல்லை. மனைவியிடம், வாற வருடம் பார்ப்போம், அத்திவாரம் போட்ட வீடுகளையாவது முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே ஓம் என்றாள். எதிர்த்துச் சண்டை பிடித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

கார்ல்ஸ்ரூஹேயில் பார்த்த வீட்டை அவள் கைவிடவில்லை. தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டாள். போகும் நாள் காலை, ரயிலுக்கு நேரமிருந்தும் பயணப்பெட்டியை அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். நான் ஒரு புதுக் குடும்பத்தோடு வரைபடம் விரித்து அரை மீற்றர் கூட்டிக்கொண்டிருந்தேன். இஞ்சருங்கோ என்றாள். கைப்பையைத் திறந்து ஒரு புதுத் திறப்பை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒண்டு உங்களிட்ட இருக்கட்டும்" என்றாள்.

வந்திருந்தவர்கள் விளங்காமல் சிரித்தார்கள். ரயிலடி வரைக்கும் வருகிறேன் என்று எழும்பினேன். வேண்டாம், இவர்களைப் பாருங்கோ என்று போய்விட்டாள். அவர்கள் போனபிறகு அலுமாரியைத் திறந்தேன். ஒரேயொரு கொழுக்கிதான் வெறுமையாக இருந்தது, வங்கிப் பிள்ளைகளுடையது. அதில் கொழுவினேன்.

இதை எழுதும்போதும் தொலைபேசி அடிக்கிறது. பின் குசினிக் காற்றாடி சத்தம் போடுகிறதாம், ஒருக்கால் வந்து பார்க்கவேணுமாம். வாறன் என்று சொல்லியிருக்கிறேன். எல்லா வீடுகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். அந்தக் கொழுக்கியில் இப்போது தொங்கும் திறப்பின் வீட்டிலிருந்து மட்டும், எதையாவது வந்து பார்க்கச் சொல்லி இதுவரை ஒரு அழைப்பும் வரவில்லை.